முதல் விருப்பம்

பல்கலைக்கழகத்துக்குள் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவருக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. பதினோரு வருஷமாக அதே தடம். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது, எந்தப் பேராசிரியர் பஸ் கார்டை மெஷினில் தட்டாமல் நைசாக ஏறப் பார்ப்பார் என்பது வரை அவருக்கு அத்துபடி. வளாகத்துக்குள் மட்டும் ஐந்து ஸ்டாப். மூன்றாவது, கணினித் துறை. அங்கே கதவைத் திறந்தால் மடை திறந்த மாதிரி ஐம்பது பேர் இறங்குவார்கள். பாரம் குறைந்து பஸ் ஒரு விரற்கடை மேலே எழும்பும். நாலாவது, புள்ளியியல் துறை. பத்துப் பன்னிரண்டு பேர். கடைசி ஸ்டாப் மண்ணியல் துறை. அங்கே மூன்று பேர் இறங்கினால் அன்றைக்கு நல்ல கூட்டம் என்று அர்த்தம்.

இத்தனை வருஷம் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தாரே தவிர, மனதில் வாங்கிக்கொண்டதில்லை. வாங்கிக்கொள்ள வைத்தது பெரியவனுக்கு நடந்ததுதான்.

பெரியவன் என்றால் மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளி இறுதித் தேர்வில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் வாங்கினான். வீட்டில் யாரும் அதுவரை காணாத மார்க். விண்ணப்பத்தில் இரண்டே கட்டம்: முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம். பையன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். ஓட்டுநர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல என்ன யோசனை? தினமும் அம்பது பேர் எங்க இறங்குறான்னு நான் பாக்குறேன். கம்ப்யூட்டர் போடு. ரெண்டாவது எலக்ட்ரானிக்ஸ் போடு" என்றார். அவனும் போட்டான். கணினிக்குத் தொண்ணூற்று நாலு வேண்டியிருந்தது. எலக்ட்ரானிக்ஸில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே இடம் போதவில்லை; இரண்டாவது கட்டத்தைத் துறைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே சமயம் எதிர் வீட்டுப் பையன் எண்பத்து நாலை வைத்துக்கொண்டு புவியியலில் சேர்ந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இவர் பஸ்ஸிலேயே ஏறி, "வணக்கம் அங்கிள்" என்றான்.

பெரியவன் அழவில்லை, சண்டை போடவில்லை. போன் ரிப்பேர் கடையில் வேலைக்குப் போனான். கை சுத்தம். கடைக்காரருக்கு அவன் மேல் உயிர். ஆனால் வீட்டில் அவன் பேச்சு நின்றுவிட்டது. கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது. கோபித்துக்கொண்டால்கூட ஓட்டுநர் தாங்கியிருப்பார். இந்த மரியாதைதான் அவரை அரித்தது.

இப்போது சின்னவள் முறை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னாலும், "எந்த மாசத்துல?" என்று கேட்பாள். தேர்வு முடிவு வந்தது. தொண்ணூற்றொன்று. அண்ணனை விட ஒன்று கம்மி.

சூடு கண்ட பூனை இந்தத் தடவை அடுப்பங்கரைப் பக்கமே போகக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டது. ஓட்டுநர் ஒரு சின்ன நோட்டு வாங்கினார். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கடைசி ஸ்டாப்பில் ஆறு நிமிஷம் நிற்க வேண்டும். அந்த ஆறு நிமிஷத்தில் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதினார். ஒன்பது நாள் எழுதினார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. வீட்டுத் துணியைக்கூட ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற மாதிரி மூலை பிசகாமல் மடிக்கிறவள். நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏங்க, டிப்போல உங்களை ஆள் எண்ணுற வேலைக்கு மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் காரணமாத்தான்."

"காரணம் இல்லாம நீங்க ஹாரன் கூட அடிக்க மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் தலையணை உறைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஓட்டுநர் நோட்டை மேஜையில் வைத்தார்.

"ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். கூட்டம் இல்லாத இடத்துக்குப் போகணும். மண்ணியல் போடு. கண்ணை மூடிட்டுக் கிடைக்கும். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இரு. அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாம். உள்ள நுழைஞ்சிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா?"

சின்னவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். சாப்பாடு ஆறியது.

"அப்பா, இது உங்க டிரிப்ல மட்டும் எண்ணினது. ஏழு அம்பது, எட்டரை. மண்ணைத் தோண்டுறவங்க அந்த நேரத்துக்கா வருவாங்க? விடியும்போதே வயலுக்குப் போயிருப்பாங்க. பதினாலாந்தேதி மழை. அன்னைக்கு எல்லா ஸ்டாப்லயும் பாதி பேர்தான். அதையும் சேர்த்து எழுதி வச்சிருக்கீங்க. இன்னொண்ணு, எத்தனை பேர் படிக்கிறாங்கங்கிறது வேற, எத்தனை பேர் இடம் கேக்குறாங்கங்கிறது வேற. நமக்கு வேண்டியது ரெண்டாவது."

"சரி, உனக்கு என்னதான் வேணும்?"

"கம்ப்யூட்டர்."

"உன் மார்க்குக்கு?"

"போட்டுப் பாக்குறேன்."

அதுவரை தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவன், "போடாத" என்றான்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஏண்ணா?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். குழாயடியில் அவன் கை கழுவிய சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு கை கழுவ அத்தனை தண்ணீர் தேவையில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கடைசி ஸ்டாப்பில் தவறாமல் இறங்குகிற மூன்று பேரில் ஒருத்தி மண்ணியல் லேபில் வேலை பார்க்கிறவள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தகரப் பெட்டி. தினமும் இறங்கும்போது "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். திங்கட்கிழமை காலை ஓட்டுநர் அவளை நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம். உங்க டிபார்ட்மெண்ட்ல சேர்ந்துட்டு அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாத்திக்க முடியுமா?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. தகரப் பெட்டியைப் படியில் வைத்தாள்.

"எங்க டிபார்ட்மெண்ட் என்ன வெயிட்டிங் ரூமாண்ணே?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"எல்லாரும் இப்படித்தான் வராங்க. போன வருஷம் பதினாலு பேர் வந்தாங்க, மாத்திக்கலாம்னு. ஒருத்தனுக்குக் கிடைச்சது. மிச்சம் பதிமூணு பேரும் என் லேப்லதான் இருக்காங்க, மூஞ்சியை முழ நீளத்துக்குத் தொங்கப் போட்டுக்கிட்டு. கம்ப்யூட்டர்ல இடம் காலியானாத்தானே மாத்த முடியும்? அங்க எவன் விட்டுட்டுப் போவான்?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "எம் பொண்ணுக்குக் கேட்டேம்மா. மூத்தவனுக்குத் தப்பா எழுதச் சொல்லிட்டேன். இவளுக்காவது சரியா சொல்லணும்னு..."

அவர் குரல் இறங்கியதைக் கேட்டு அவளுக்கும் கோபம் இறங்கியது. வேலைக்கு நேரமாகிறது என்றாலும் படியிலேயே நின்று சொன்னாள். ஒவ்வொரு துறையும் முதலில் முதல் கட்டத்தில் எழுதியவர்களை மார்க் வரிசைப்படி எடுக்கும். இடம் மிஞ்சினால்தான் இரண்டாவது கட்டம். கணினியில் ஒருநாளும் மிஞ்சாது. எலக்ட்ரானிக்ஸிலும் மிஞ்சாது. புள்ளியியலில் நாற்பது இடம்; அங்கேயும் மிஞ்சாது, ஆனால் போட்டி கொஞ்சம் கம்மி.

"எங்களுக்கு அறுபது சீட்டுண்ணே. முதல் விருப்பமா எழுதுறவங்க இருபத்தஞ்சு பேர் தேற மாட்டாங்க. மிச்சம் அத்தனையும் ரெண்டாவது கட்டத்துல எழுதினவங்களுக்குத்தான். அதனால எங்களுக்குப் பயந்து முதல் கட்டத்தை வீணாக்க வேண்டாம். அதுல பிடிச்சதை எழுதட்டும். ரெண்டாவதுல எங்களை எழுதினாலே இடம் உண்டு."

ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கட்டம். எலக்ட்ரானிக்ஸ் என்று அவர் எழுதச் சொன்ன அதே கட்டம். அதில் வேறு ஒரு சொல்லை எழுதியிருந்தால் பெரியவன் இந்நேரம் மூன்றாம் வருஷத்துக்குப் போயிருப்பான். பணம் செலவில்லை, சிபாரிசு வேண்டாம். ஒரு சொல்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாஸ் பண்ணவங்க இப்ப போட முடியுமா?" என்று கேட்டார்.

"மார்க் மூணு வருஷம் வரைக்கும் செல்லும்ணே. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"வர சனிக்கிழமை யார் வேணா வந்து பாக்கலாம். எல்லா டிபார்ட்மெண்டும் திறந்திருக்கும். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.

மார்க் மூன்று வருஷம் செல்லும் என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஓட்டுநர் நாலு நாள் தவித்தார். சொன்னால், மறுபடியும் அப்பா ஆரம்பித்துவிட்டார் என்று ஆகும். ஏற்கனவே ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்டுத்தான் அவன் விழுந்தான். சொல்லாவிட்டால், தெரிந்தும் மறைத்த பாவம். மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, "நீங்க வாயைத் திறக்காதீங்க. தானா காதுல விழுந்தா வேற, நீங்க ஊத்தினா வேற" என்றாள்.

லேபில் வேலை பார்க்கிறவள் சொன்ன கட்டக் கணக்கைச் சின்னவளிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்கு ஓட்டுநர் டூட்டி மாற்றிக்கொண்டார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்த சின்னவள், கணினித் துறை, மண்ணியல் துறை இரண்டுக்கும் பத்து மணிதான் நேரம் என்று கண்டுபிடித்தாள்.

"அண்ணா, நீ மண்ணியலுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றியா?"

"எனக்குக் கடை இருக்கு."

"அரை நாள் லீவு போடு. நான் என்ன ரெண்டா பொளந்துக்கவா? ரெண்டாவது கட்டத்துக்கு வேணும். ஏமாந்து ஏதாவது எழுதிடக் கூடாதில்ல."

கடைசி வாக்கியத்தை அவள் வேண்டுமென்று சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா என்று ஓட்டுநருக்கு இன்று வரை தெரியாது. பெரியவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

கணினித் துறை அரங்கில் நிற்கக்கூட இடம் இல்லை. ஓட்டுநர் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர்தான்; ஆனால் நெரிசலுக்குள் நின்று பழக்கமில்லை. சின்னவள் பின்வரிசைச் சுவரோடு ஒட்டி நின்று, கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினாள்.

"போன வருஷம் எத்தனை சீட்டு, முதல் விருப்பமா எத்தனை பேர் எழுதினாங்க?"

மேடையில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார். "எண்பது இடம். ஆயிரத்து நூறு விண்ணப்பம்."

கணக்குத் தெரிந்த அப்பாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வகுத்துப் பார்த்தார்கள். சின்னவள் வெளியே வந்தாள். அவள் பேசாமல் இருப்பது ஓட்டுநருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கட்டடத்து வாசலில் புள்ளியியல் மாணவர்கள் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய வரைபடம். தலைப்பைப் படித்ததும் ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. அவருடைய தடத்து பஸ்ஸுக்கு ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் இரண்டு மாதம் ஸ்டாப்பில் நின்று எடுத்த விவரம். நேரம் தாண்டிச் சராசரியாக நாலு நிமிஷம் காத்திருக்கிறார்களாம்.

"நாலு நிமிஷமா?" என்றார் ஓட்டுநர். "அது சிக்னல். பாலத்துக்கிட்ட இருக்கிற சிக்னல். டிரைவர் மேல தப்பு இல்ல."

"டிரைவர் மேல தப்புன்னு நாங்க சொல்லலையே" என்றான் மேஜைக்குப் பின்னால் இருந்த மாணவன்.

"பாத்தா அப்படித்தான் தெரியுது."

சின்னவள் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வரைபடத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். "பஸ் வர்ற வரைக்கும் நின்னவங்களை மட்டும்தானே எண்ணினீங்க? காத்துப் பாத்துட்டு வெறுத்துப்போய் நடந்து போனவங்க?"

மாணவன் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தான். "அதை... அதை நாங்க எடுக்கல."

"அப்ப உங்க நாலு நிமிஷம் தப்பு. ரொம்ப நேரம் ஆகுறப்பதான் ஆளுங்க நடந்துடுவாங்க. அவங்களை விட்டுட்டா சராசரி குறைஞ்சுதான் வரும்."

"அப்ப நான் இன்னும் லேட்டா?" என்றார் ஓட்டுநர். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மாணவன் உள்ளே போய் ஓர் ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்க, முதல்லேர்ந்து சொல்லு" என்றார். அப்புறம் ஒன்றரை மணி நேரம். நடந்து போனவர்களை எப்படி எண்ணுவது, எண்ண முடியாதவர்களை எப்படிக் கணிப்பது என்று காகிதம் காகிதமாகப் போனது. ஓட்டுநர் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பன்னைத் தின்றுகொண்டு மகளைப் பார்த்தார். வீட்டில் அவள் வாதாடினால் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். இங்கே எதிரில் இருந்தவர்கள் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள்.

பெரியவனை எங்கும் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்து இருவரும் வீடு திரும்பினார்கள்.

நாலு மணிக்கு மேல் அவன் வந்தான். முழங்கால் வரை சேறு. நகக்கண்ணில் மண். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"வயல்ல பத்து கருவி புதைச்சு வச்சிருக்காங்க. மண்ணுல எவ்வளவு ஈரம் இருக்குன்னு அதுவே அளந்து அனுப்பும். அதுல நாலு செத்துப்போச்சாம். கம்பெனிக்காரன் வர ஒரு மாசம் ஆகுமாம். ஏன் செத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியல. நான் திறந்து காட்டுங்கன்னு சொன்னேன். உள்ள தண்ணி. போனுக்குள்ள தண்ணி போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? சுத்தம் பண்ணி, காய வச்சு, ரெண்டை உயிரோட எழுப்பிட்டேன். மூணாவதுக்கு ஒரு பார்ட் வேணும், கடையில இருக்கு. அந்த மூடி டிசைனே தப்பும்மா. தண்ணி உள்ள போகாத மாதிரி வைக்கிறோம்னு ஆவி வெளிய போகாத மாதிரி வச்சிருக்கான்."

அம்மா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் எங்கே நிறுத்திவிடுவானோ என்று, ஏற்கனவே மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அப்புறம்?" என்றாள், துணியைப் பார்த்துக்கொண்டே.

"அப்புறம் என்ன, அந்த லேப் அக்கா விடல. பூட்ஸ் குடுத்தாங்க, எனக்குச் சேரல, வெறுங்காலோட இறங்கிட்டேன். மண்ணைப் பத்தி இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒரே வயல்ல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வேற வேற மாதிரி தண்ணி குடிக்குது."

"எனக்கு நோட்ஸ் எடுத்தியா?" என்று கேட்டாள் சின்னவள்.

"மறந்துட்டேன்."

"நல்ல ஆளு" என்றாள். ஆனால் கோபம் இல்லை.

மறுநாள் காலை பெரியவன் பால்கனியில் சேறு படிந்த செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் போய்ப் பக்கத்தில் நின்றார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தார். வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு ரெண்டாவது கட்டத்துல எலக்ட்ரானிக்ஸ் எழுதச் சொன்னது நான்தான்."

"தெரியும்பா."

"எப்படி எடுப்பாங்கன்னு விசாரிச்சிருக்கணும். விசாரிக்கல. அம்பது பேர் இறங்குற இடம் நல்ல இடம்னு நினைச்சுட்டேன்."

பெரியவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எழுதினது நான்தானே. எனக்கும் வேற ஒண்ணும் தோணல. கொஞ்ச நாள் உங்க மேல கோவமா இருந்துச்சு. அப்புறம் கோவம் போயிடுச்சு. ஆனா பேச்சு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வந்து, நின்று, மறுபடியும் பின்னால் வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மார்க் மூணு வருஷம் செல்லுமாம்" என்றார் ஓட்டுநர். மனைவி சொன்ன எச்சரிக்கையெல்லாம் காற்றில் போயிற்று.

"அந்த அக்கா சொன்னாங்க." செருப்பைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தடவை நீங்க எதுவும் சொல்லாதீங்கப்பா. நானே பாத்துக்குறேன்" என்றான்.

"சரி."

பதினாறு டன் பஸ்ஸைச் சந்து திருப்பத்தில் திருப்புகிறவருக்கு அந்த ஒரு "சரி"யைச் சொல்ல மூச்சு முட்டியது. ஆனால் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாறவும் இல்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலம் சின்னவள் மேஜையில் உட்கார்ந்து, முதல் கட்டத்தில் புள்ளியியல் என்று எழுதினாள். இரண்டாவதில் மண்ணியல்.

"கம்ப்யூட்டர் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னியே" என்றாள் அம்மா.

சின்னவள் அண்ணன் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அது எனக்காக இல்லம்மா. அண்ணனுக்குக் குடுக்கலைல்ல, நான் வாங்கிக் காட்டணும்னு இருந்துச்சு. அந்த அரங்கத்துல நிக்கும்போதுதான் யோசிச்சேன். வாங்கிட்டா மட்டும்? அப்புறம் நாலு வருஷம் நான்தானே உக்காரணும்."

பெரியவன் அவள் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தான். "லூசு" என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளைத் திட்டிய முதல் திட்டு. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

புள்ளியியலில் போன வருஷம் கடைசியாகச் சேர்ந்தவரின் மார்க் தொண்ணூறு. சின்னவளுக்குத் தொண்ணூற்றொன்று. நூலிழைதான். ஓட்டுநருக்கு நாக்கு நுனியில் நின்றது: மண்ணியலை மேலே போட்டால் என்ன என்று. இடம் எப்படியும் கீழேயும் உண்டு என்று லேபில் வேலை செய்கிறவள் சொன்னதை நினைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்து வார்த்தையை உள்ளே தள்ளினார்.

பெரியவன் தன் விண்ணப்பத்தை எப்போது எழுதினான், எப்போது அனுப்பினான் என்று யாருக்கும் தெரியாது. முடிவு வந்த அன்றுதான் தெரிந்தது. மண்ணியல், முதல் விருப்பம், முதல் பட்டியல். இரண்டாவது கட்டத்தை அவன் காலியாகவே விட்டிருந்தான்.

சின்னவளுக்கும் மண்ணியல்தான் வந்திருந்தது, இரண்டாவது கட்டத்திலிருந்து. புள்ளியியலில் காத்திருப்போர் பட்டியலில் நாலாவது. அந்த வருஷம் அங்கேயும் கூட்டம் ஏறிவிட்டது. அவள் மார்க்கிலேயே ஏழு பேர் இருந்தார்கள். அவள் ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த நாள் வந்து, "அண்ணன்கூட ஒரே வகுப்புல உக்கார வேண்டியதுதான் போல. மூஞ்சியைத் தொங்கப் போட மாட்டேன், கவலைப்படாதீங்க" என்றாள். சொல்லும்போது முகம் கொஞ்சம் தொங்கித்தான் இருந்தது.

பட்டியல் நகர்ந்தது. முதல் வாரம் ஒருவர் வேறு ஊருக்குப் போனார். இரண்டாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் இன்னொருவர். சின்னவள் ஒரு காகிதத்தில், கடந்த ஐந்து வருஷம் பட்டியல் எவ்வளவு நகர்ந்தது என்று எடுத்து வைத்துக்கொண்டு, "நூத்துக்கு அறுபது வாய்ப்பு இருக்கு" என்றாள். ஓட்டுநர் அந்த அறுபதைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மிச்சம் நாற்பது ஞாபகம் வந்தது.

பட்டியல் மூடுவதற்கு முந்தின நாள் இருவர் ஒரே நேரத்தில் விலகினார்கள். கடிதம் மத்தியானம் வந்தது. ஓட்டுநர் டூட்டியில் இருந்தார்; ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது. மனைவி டிப்போவுக்கே பேசிவிட்டாள். டிரிப் முடித்து வந்தவரிடம் நேரக் காப்பாளர், "உங்க வீட்டு வக்கீல் கேஸ் ஜெயிச்சிருச்சாம்" என்றார். ஓட்டுநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அது மூக்குக்கண்ணாடி இல்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி. ரொம்ப நேரம் துடைத்தார்.

சேர்க்கை நாளில் நாலு பேரும் போனார்கள். போன் கடைக்காரர், சனிக்கிழமை மட்டுமாவது வந்துவிட்டுப் போ என்று பெரியவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டிருந்தார். சேர்க்கை அறையில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு துறைக்கும் ஒன்று. மண்ணியல் மேஜை முன்னால் பெரியவன் உட்கார்ந்தான். ஓட்டுநர் பின்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

"பெற்றோர் கையெழுத்து எங்க போடணும்?"

எழுத்தர் விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தார். "இவருக்கு இருபது வயசு ஆச்சே சார். நீங்க போட வேண்டியதில்ல. அவரே போடலாம்."

ஓட்டுநர் பேனாவை மகனிடம் நீட்டினார். பெரியவன் வாங்கி, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மை காய ஊதினான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தேங்க்ஸ்பா" என்றான்.

அதற்குள் இரண்டு மேஜை தள்ளி ஒரு சத்தம். சின்னவள், படிவத்தில் ஒரே கேள்வியை ஏன் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறார்கள் என்று புள்ளியியல் எழுத்தரை விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. "நீங்க போங்க, அந்தாளு பாவம்" என்றாள் மனைவி. ஓட்டுநர் பேனாவோடு அந்தப் பக்கம் நடந்தார்.